செம்பிக்கு முன் பிறந்த குட்டிகள்

தலைமாட்டு அலமாரியிலிருந்து ஒரு குதிரையை எடுத்து, இடுப்பில் அழுதுகொண்டிருந்த பிள்ளையின் கையில் யாரோ ஒருத்தி திணித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆதிலட்சுமி வாசற்படியைத் தாண்டினாள். பெஞ்சின் மேல் கிடந்த அண்ணனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவள் பார்த்தது அதைத்தான். உள்ளங்கையில் அடங்கும் பழுப்புப் பீங்கான் குதிரை. வாலில் பசை வைத்து ஒட்டிய தடம். அதன் பெயர் சந்தனம். தகப்பன் ராஜாளி. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அதன் தலையை வாயில் வைத்துக் கடித்தது.

"அத்த வாங்கி வைங்க" என்றாள் ஆதிலட்சுமி.

"எத்த?"

"அந்தக் குதிரைய. வால் ஒடஞ்சி ஒட்டினது. திரும்ப ஒடையும்."

அந்தப் பெண் ஏற இறங்கப் பார்த்தாள். "தோ பார்றா. பொணம் கெடக்குது, குதிர பொம்மைக்கு நியாயம் பேச வந்துட்டாங்க. யாரும்மா நீ?"

யார் என்று தெரிந்தவர்களுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. பெஞ்சைச் சுற்றி ஒருவரையொருவர் தோளில் கட்டிக்கொண்டு அழுதவர்களின் குரல் ஒரு கணம் அறுந்து, பிறகு முன்னைவிடச் சத்தமாகத் தொடர்ந்தது. பெரியம்மா முறையான மணியம்மாள் மட்டும் மூக்கைச் சிந்திக்கொண்டே, "வந்துட்டா பாரு, இப்பத்தான் வழி தெரிஞ்சிதாமா" என்று பக்கத்திலிருந்தவள் காதில் சொன்னாள். காதில் சொன்னது வீடு முழுக்கக் கேட்டது.

வேடியப்பனின் தாடையை வெள்ளைத் துணியால் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நெற்றியில் ஒரு ரூபாய். முன்மண்டையில் முடி கொட்டி நரைத்திருந்தது. அது ஆதிலட்சுமிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த தலை கறுகறுவென்று, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. தனக்குத் தெரியாமல் இந்த ஆள் கிழவனாகிக்கொண்டிருந்திருக்கிறான் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் ஒரு திருட்டைப் போலிருந்தது.

அவளுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவள் புருஷன் தருமனின் வேனில் காலையில் ஏறிய மணிலாக்கொட்டை வியாபாரி ஒருவர், "நம்ம மண்டி எடைக்காரரு வேடியப்பன் போயிட்டாருப்பா. நேத்து சாயங்காலம் தராசுக்குப் பக்கத்துல நின்னுகினு இருந்தவரு, மூட்ட மேலயே சாஞ்சிட்டாராம்" என்று யாரிடமோ சொல்ல, தருமன் வண்டியை எடுக்காமல் இறங்கி வீட்டுக்கு ஓடி வந்தான். அங்கிருந்து அண்ணன் வீடு ஒரு சவாரி நேரத்துக்கும் குறைவான தூரம். அந்தத் தூரத்தைச் சாவுச் செய்திகூட வேறு யாருக்கோ சொல்லப்பட்ட பேச்சாகத்தான் கடந்து வந்தது.

"நான் உள்ள வந்தா அவங்களுக்கு ஒரு சாக்கு ஆயிடும்" என்று தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டான் தருமன். "டீக்கடையாண்ட நிக்கிறேன். எவனாச்சும் எதாச்சும் சொன்னா ஒரு சத்தம் குடு."

"சொன்னா நானே பாத்துக்குறேன்."

"அதுவும் எனுக்குத் தெரியும்" என்றான். அவள் மடியில் வைத்திருந்த துணிப்பையை அவன் ஒரு முறை பார்த்தான். அதில் என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பெஞ்சின் கால்மாட்டில் நின்றாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை.

சித்தப்பா இராமலிங்கம் வெளியே பாடை கட்டுகிறவர்களுக்கு மூங்கில் அளவு சொல்லிக்கொண்டிருந்தவர், யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், துண்டை உதறித் தோளில் போட்டபடி உள்ளே வந்தார். பங்காளிகளில் மூத்தவர். அவர் மகன் கோதண்டராமன்தான் கொள்ளி வைக்கப்போகிறான். வேடியப்பனுக்குப் பிள்ளை இல்லை.

"வந்தியா, பாத்தியா, போதும்" என்றார். "வெளிய போயி நில்லு. வாய்க்கரிசி போடுற நேரத்துல நீ இங்க இருக்கக் கூடாது."

"ஏன் சித்தப்பா?"

"ஏன்னு ஒனுக்குத் தெரியாதா? கண்டவன் கூடப் போனப்பவே இந்த வூட்டுக்கும் ஒனுக்கும் அறுந்து போச்சி. அவனே சொல்லிட்டான், எல்லாரும் இருக்கச் சொல்ல. நான் புச்சா சொல்றேனா?"

"அண்ணன் சொன்னது இன்னானு ஒங்களுக்குத் தெரியுமா?"

"என்னமோ குதிர கழுதன்னான். அர்த்தம் அதான்."

அர்த்தம் அதுதான். அதில் அவர் தவறவில்லை. ஆனால் அவன் சொன்னதை அந்தக் கூட்டத்தில் சொல் சொல்லாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்குப் பத்து வயதும் அவனுக்குப் பன்னிரண்டும் இருக்கும்போது அவர்களுடைய அம்மா ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளின் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். மார்த்தா அம்மா என்று கூப்பிடுவார்கள். தியானத்துக்கு வந்தவள்தான், ஆனால் ஒரு தகரப் பெட்டி நிறையக் குதிரை பொம்மைகளையும் கொண்டு வந்திருந்தாள். பீங்கான், ஈயம், மரம். அவளும் ஊரிலிருந்த அவள் தங்கையும் சின்ன வயதிலிருந்து சேர்த்தவை. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பெயரோடு முடியாது. அப்பன் யார், ஆத்தா யார், அவர்களைப் பெற்றவர்கள் யார் என்று ஏழு தலைமுறைக்கு மார்த்தா அம்மா தன் அரைகுறைத் தமிழில் சொல்லுவாள். எல்லாம் அவளும் தங்கையும் கட்டியவை. அப்படி ஒரு குதிரை உலகத்தில் எங்கும் ஓடியதில்லை. "அப்பா அம்மா இல்லே, பொம்மை. அப்பா அம்மா இருக்கு, குதிரை" என்பாள். அண்ணனும் தங்கையும் தண்ணீர்க் குடத்தை மறந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது சிலவற்றை இருவருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். கறுப்பு ஈயக்குதிரை ராஜாளி அவனுக்கு. காது உடைந்த பழுப்புப் பீங்கான் பெட்டை, அல்லி, ஆதிலட்சுமிக்கு.

அதன் பிறகு அது அவர்கள் விளையாட்டு. ஒவ்வொரு கார்த்திகை தீபத்துக்கும் மாட்டுச்சந்தை கூடும். மாடுகளுக்கு அப்பால் குதிரைகளும் வரும். வேடியப்பன் வியாபாரிகளின் காலடியில் உட்கார்ந்து, எந்தச் சுழி எங்கே இருந்தால் குதிரை நல்லது, எங்கே இருந்தால் வாங்கியவன் வீடு உருப்படாது என்றெல்லாம் கேட்டுக்கொண்டு வருவான். நிஜக் குதிரை வாங்க முடியாது. சந்தை ஓரத்துப் பொம்மைக் கடையில் ஒரு சின்னக் குதிரை வாங்குவார்கள். வாங்கிய தீபம்தான் அது பிறந்த நாள். வீட்டுக்கு வந்ததும் மசி தொட்டு நெற்றியில் சுழி போடுவான். பிறகு தகப்பன் தாய் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். மார்த்தா அம்மாளும் தங்கையும் கடிதத்தில் கேட்டுக்கொள்வார்களாம், உன் பெட்டையை என் குதிரைக்குத் தருவாயா என்று. ஒரே வீட்டில் இருந்த இவர்கள் அதைப் பெண் கேட்பதாக மாற்றிக்கொண்டார்கள். பெட்டை யாருடையதோ அவரைத்தான் கேட்க வேண்டும். அண்ணன் தட்டில் புங்க இலையும் ஆரஞ்சு மிட்டாயும் வைத்து எடுத்துக்கொண்டு, வாசலுக்குப் போய், வெளியிலிருந்து வருகிறவனைப் போல வருவான்.

"ராஜாளி வூட்லேந்து வந்துருக்கோம். அல்லியக் கேட்டு."

"பொண்ணுக்கு இஷ்டம் இல்லியாம். போயிட்டு அப்புறம் வாங்க."

"போன தபாவும் இதத்தான சொன்ன! மிட்டாயத் தின்னுட்டு."

"அப்ப ரெண்டு மிட்டாயாக் கொண்டாங்க."

அவள் சரியென்று சொன்னால்தான் புதுக் குட்டி அல்லியின் குட்டி. சந்தனம், பூவரசு, மின்னல், காட்டாறு. பெரியவர்களான பிறகும் விடவில்லை. மண்டியில் எடைக்காரனாக வேலைக்குச் சேர்ந்த பிறகும், வளர்ந்த ஆண்பிள்ளை, தீபத்துக்கு மறுநாள் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்த் திரும்பி வருவான். அப்பா அம்மா இருவரும் போன பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்ட நாள் அதுதான்.

அவள் தருமனைக் கட்டிக்கொண்டு வந்து இதே வாசலில் மாலையோடு நின்றபோது பங்காளிகள் எல்லோரும் இருந்தார்கள். வேற சாதிக்காரன் என்று கத்தினார்கள். கோதண்டராமன் அடிக்கக் கை ஓங்கினான். வேடியப்பன் கத்தவில்லை. உள்ளே போய் அலமாரியைத் திறந்தான். அந்தத் தீபத்துக்கு வாங்கிய குட்டியை, செம்பியை, கட்டைவிரல் உயரச் சிவப்பு மரப்பொம்மையை எடுத்துக்கொண்டு வந்தான். எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்துச் சொன்னான்:

"அல்லி பேர எடுத்துட்டேன். இன்னியிலேந்து எல்லாக் குட்டிக்கும் தாய் செம்பி."

ஒருவருக்கும் விளங்கவில்லை. யாரோ சிரித்தார்கள். ஆதிலட்சுமி உள்ளே நடந்து, யாரும் தடுப்பதற்கு முன், அலமாரியிலிருந்து அல்லியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வெளியேறினாள். அடித்திருந்தால் மறந்திருப்பாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி ஏசியிருந்தாலும் ஆறியிருக்கும். அவன் அவள் பேரை எடுத்தது எங்கே என்று அவனுக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். தெரிந்தே எடுத்தான்.

அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள், பள்ளிக்கூடம் போகிறாள். அவன் பார்த்ததில்லை. ஒவ்வொரு தீபத்துக்கும் மறுநாள், மலை உச்சி நெருப்பு கீழ்பென்னாத்தூர் வயல்வெளியிலிருந்து புள்ளியாகத் தெரியும் அந்தி நேரத்தில், ஆதிலட்சுமி வாசலில் ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொள்வாள். தெருவைப் பார்க்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். கேட்க வேண்டியது அவன். தட்டை எடுத்துக்கொண்டு வர வேண்டியது ஆண்குதிரை வீட்டுக்காரன். அதுதான் முறை. அவன் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்து வைத்திருந்தாள். போயிட்டு அப்புறம் வாங்க.

"வெளிய நில்லுன்னேன்" என்றார் இராமலிங்கம்.

"நிக்கிறேன். தோட்டத்துப் பக்கம் நிக்கிறேன். அதுக்கும் பங்காளிங்கள ஒரு வார்த்த கேட்டுகினு வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் அவரைத் தாண்டிப் பின்பக்கம் நடந்தாள். போகிற வழியில் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து சந்தனத்தைப் பிடுங்கினாள். பிள்ளை வீரிட்டது.

பின்பக்கம் துவைக்கிற கல்லில் வள்ளி உட்கார்ந்திருந்தாள். வேடியப்பனின் மனைவி. ஆதிலட்சுமி அவளை இதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டை விட்டுப் போனதற்கு அப்புறம் நடந்த கல்யாணம். மடியில் ஒரு பித்தளைத் தட்டு, அதில் பச்சரிசி. கல் பொறுக்குவதைப் போல விரல்கள் அரிசியில் அலைந்துகொண்டிருந்தன. வாய்க்கரிசிக்கு யாரும் கல் பொறுக்குவதில்லை. தலை நிறையப் பூ வைத்துவிட்டிருந்தார்கள்.

"நீங்கதான் அவுரு தங்கச்சியா?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"ஆமா."

"கையில இன்னா?"

"சந்தனம். உங்க சனம் புள்ளைங்களுக்கு வெளையாடக் குடுக்குறாங்க."

"குடுக்கட்டும்." வள்ளி அரிசியைக் குலுக்கினாள். "எல்லாத்தயும் குடுக்கட்டும். வெள்ளிக்கிழம ஆனா ஒண்ணொண்ணா எறக்கி, ஈரத் துணி வெச்சித் தொடச்சி, ஒண்ணொண்ணா திரும்ப ஏத்தணும். ஏத்தச் சொல்ல சொல்லணும். மின்னல். தகப்பன் ராஜாளி, தாய் செம்பி. காட்டாறு. தகப்பன் ராஜாளி, தாய் செம்பி. நான் சொல்லலனா தலைய மட்டும் ஆட்டுவாரு, மறுபடி சொல்லுனு. எனுக்கு ஒரு புள்ள இல்ல. ஊரு கேக்குது இன்னா விசேஷம், இன்னா விசேஷம்னு. இவுரு வூட்ல குதிரைங்களுக்குப் பிரசவம் பாத்துகினு இருந்தாரு."

'தாய் செம்பி' என்று இன்னொருத்தி வாயால் கேட்டதில் ஆதிலட்சுமிக்குக் காது கொதித்தது.

"செம்பி பேரத்தான் சொல்லச் சொன்னானா? கடைசி வரிக்கும்?"

"கடைசி வெள்ளிக்கிழம வரிக்கும்."

"சரி" என்றாள் ஆதிலட்சுமி. "இத்தத் தெரிஞ்சிக்கத்தான் வந்தேன். தெரிஞ்சி போச்சி." சந்தனத்தைத் துவைக்கிற கல்லின் விளிம்பில் வைத்தாள். "நான் கெளம்புறேன். ஒங்க சின்ன மாமனாருக்கு நிம்மதியா இருக்கும்."

"இருங்க." வள்ளி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அழுத கண் இல்லை. கோபமான கண். "அது தப்புனு எனுக்கே தெரியும். வந்த புதுசுலயே கேட்டேன். இன்னாங்க இது, கட்டவெரல் சைசுல கீது, இதுவா இத்தினி குதிரைக்கும் ஆத்தா? இது வாங்குன வருசத்துக்கு மின்னாடியே அதுங்கள்லாம் பொறந்துடுச்சே, ஒங்க கணக்குப்படியே ஒதைக்குதேன்னேன். சிரிச்சாரு. 'தப்புதான்'னாரு."

"தப்புனு சொன்னானா?"

"சொன்னாரு. தப்புனா மாத்துங்களேன்னேன். 'இருக்கட்டும். மாத்தக் கூடாது. அவ வந்து கேப்பா. எத்த வேணாலும் பொறுத்துக்குவா, இந்தத் தப்ப அவளால பொறுத்துக்க முடியாது. எங்கனா யார்னா சொல்லிக் கேள்விப்பட்டான்னா அடுத்த பஸ்ஸப் புடிச்சி சண்டைக்கி வந்துடுவா'னாரு. வருசா வருசம் தீபத்துக்கு மறுநாளு மண்டிக்கு லீவு போட்டுட்டு வூட்லயே இருப்பாரு. சட்ட கூட கழட்ட மாட்டாரு. சண்டைக்கி ஆளு வரும்னு."

மேளக்காரர்கள் வாசலில் தோலை நெருப்பில் காய்ச்சித் தட்டிப் பார்த்தார்கள். ஓர் அடி, நிறுத்தம், ஓர் அடி.

"நானு வரணுமா?" என்றாள் ஆதிலட்சுமி. "என் பேர எடுத்தவன் அவன். நானு வந்து கேக்கணுமா? பொட்டக்குதிர என்னுது. தட்ட எடுத்துகினு வர வேண்டியது யாரு? அதுதான முற! அவன் வெச்ச முறதான!"

"முறயாம் முற." வள்ளி தட்டைக் கல்லில் வைத்தாள். அரிசி சிதறியது. "நீங்க ஒரு நாளு வந்து வாசப்படியில நின்னு, ஏன்டா பாவி இப்பிடிப் பண்ணன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும். அந்தாளு நல்லா இருந்திருப்பாரு. அங்க நீங்க முறைய வெச்சிகினு குந்திருக்கீங்க, இங்க அவுரு தப்ப வெச்சிகினு குந்திருக்காரு. நடுவுல நானு. எனுக்கின்னா தலையெழுத்தா, வெள்ளிக்கிழம தோறும் அந்தப் பொய்ய ஒப்பிக்கணும்னு?"

சண்டை போட வேண்டிய ஆள் உள்ளே பெஞ்சில் கிடந்தான்.

"வாய்க்கரிசி போடறவங்கள்லாம் வாங்கம்மா, நேரமாவுது" என்று முன்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

வள்ளி சிதறிய அரிசியைக் கையால் கூட்டித் தட்டில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தாள். கொஞ்சம் பின்னால் ஆதிலட்சுமி நடந்தாள், பையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு.

பெண்கள் இடமாகச் சுற்றி வந்து ஒவ்வொருத்தியாகப் போட்டார்கள். மணியம்மாள் போட்டாள். கோதண்டராமன் பெண்டாட்டி போட்டாள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவள் அதன் கையிலும் நாலு அரிசியைக் கொடுத்துப் போட வைத்தாள். ஆதிலட்சுமி தட்டருகில் வந்தபோது இராமலிங்கம் கையை நீட்டி மறித்தார்.

"நான் சொன்னது காதுல ஏறல?"

"ஏறிச்சி."

"அப்ப நவுரு. சொந்த பந்தம் போடற எடம் இது. நீ இந்த வம்சத்துல இல்ல."

வம்சம் என்ற சொல்லைக் கேட்டதும் ஆதிலட்சுமி சிரித்துவிட்டாள். சாவு வீட்டில் அந்தச் சிரிப்பு எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

"இராமலிங்க மாமா" என்றாள் வள்ளி. சத்தம் போடவில்லை. "அவங்க போடட்டும்."

"ஒனுக்குத் தெரியாதும்மா. நீ சும்மா இரு."

"வாயி எம் புருசனோடது. அரிசி என் வூட்டோடது. கைய எடுங்க."

கோதண்டராமன், "அப்பா, வுடேன், பொழுது போவுது" என்றான். பங்காளிகள் மேளத்தைப் பார்த்தார்கள், பாடையைப் பார்த்தார்கள், டீக்கடைப் பக்கம் கைகட்டி நின்ற தருமனைப் பார்த்தார்கள். இராமலிங்கம் கையை எடுத்தார். முழுதாக எடுக்கவில்லை. மடக்கிக்கொண்டார்.

ஆதிலட்சுமி அரிசியை அள்ளினாள். குனிந்தாள். கட்டிய தாடை, பஞ்சடைத்த மூக்கு, மூடியும் மூடாத இமை. உதட்டோரத்தில் மற்றவர்கள் போட்ட அரிசி வெள்ளையாக ஒட்டியிருந்தது. கையைப் புறமாகத் திருப்ப வேண்டும். அவள் திருப்பவில்லை.

"ஏன்ணா" என்றாள்.

கூட்டம் அடங்கியது.

"ஏன்ணா, செம்பி எந்தத் தீபத்துக்கு வாங்குனது?"

மணியம்மாள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"சொல்லு. எந்தத் தீபத்துக்கு? சந்தனம் எப்பப் பொறந்தா? அம்மா இருக்கச் சொல்லப் பொறந்தா. மின்னலு எப்பப் பொறந்தான்? செம்பி அப்ப எங்க இருந்தா? மரமா நின்னுகினு இருந்தா! மரத்துக்கு எப்பிடிண்ணா குட்டி பொறக்கும்? ஆத்தாளுக்கு மின்னாடி மவ பொறப்பாளா? மண்டியில ஊரு மணிலாவ எல்லாம் எடை போட்டியே, ஒனுக்கு இது தெரியலியா? தெரியும். தெரிஞ்சே வெச்சிருந்த. நானு வந்து கேக்கணும்னு வெச்சிருந்த. தோ வந்துட்டேன். கேட்டுட்டேன். இப்ப பதிலு சொல்லு. சொல்லுண்ணா! சட்டயப் போட்டுகினு குந்திருந்தியாமே, எழுந்து குந்து, பதிலு சொல்லு!"

அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, விரலை நீட்டி நீட்டிக் கேட்டாள். ஆனால் சுற்றி நின்ற பெண்களுக்கு அது ஒப்பாரியாகத்தான் கேட்டது. மணியம்மாள் முதலில் மார்பில் அடித்துக்கொண்டாள். "ஆத்தாளுக்கு முன்ன மவளா..." என்று ஒருத்தி ராகம் எடுத்தாள். இன்னொருத்தி அதைப் பிடித்துக்கொண்டாள். என்ன பாடுகிறோம் என்று தெரியாமலே அத்தனை பேரும் ஒரு மரப்பொம்மையின் வயதைச் சொல்லி அழுதார்கள்.

"வாய மூடுங்க எல்லாரும்!" என்று ஆதிலட்சுமி கத்தினாள். யாருக்கும் கேட்கவில்லை. அவள் அரிசியை அவன் உதட்டில் அழுத்தினாள். புறங்கையால் அல்ல, நேர்க்கையால், சோறூட்டுவதைப் போல, கோபமாக.

பாடை தெருவில் இறங்கியதும் வீடு சட்டென்று பெரிதாயிற்று. தருமன் முதலில் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு ஊர்வலத்தின் கடைசி ஆளுக்குப் பத்தடி பின்னால் நடக்க ஆரம்பித்தான். யாரும் கூப்பிடவில்லை. யாரும் திருப்பி அனுப்பவும் இல்லை. திருவூடல் தெருவின் மூலையில் மேளச் சத்தம் திரும்பித் தேய்ந்தது. மலை மேல் பகல் வெளிச்சத்தில், நாலு நாளைக்கு முன் ஏற்றிய தீபத்தின் நெருப்பு தெரியவில்லை, புகை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டார்கள். அலமாரிக் கதவு திறந்தபடி கிடந்தது. பிள்ளைகள் எடுத்துப்போன குதிரைகள் மூலைக்கு ஒன்றாகத் தரையில் சாய்ந்து கிடந்தன, தண்ணீர் அவற்றைச் சுற்றி ஓடியது. ஒவ்வொருத்தியாகக் குளிக்கப் போனார்கள். பிள்ளைக்காரி போகும்போது, "தப்பா எடுத்துக்காதம்மா, எனுக்குத் தெரியாது" என்று சொல்லி முந்தானையிலிருந்து பூவரசை எடுத்து நீட்டினாள். அதன் காலில் பல் பட்ட தடம் இருந்தது.

ஆதிலட்சுமி துவைக்கிற கல்லிலிருந்து சந்தனத்தை எடுத்து வந்து, ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். குதிரைகளைப் பொறுக்கிச் சேர்த்தாள். முதல் தட்டில் ராஜாளி. ஈயம் தேய்ந்து மூக்கு மழுங்கியிருந்தது. அடுத்த தட்டில் பிறந்த வரிசைப்படி சந்தனம், பூவரசு, மின்னல் என்று காட்டாறு வரைக்கும். வள்ளி துடைப்பத்தோடு நின்று பார்த்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, சந்தனத்தின் மேலிருந்த எச்சிலைத் துடைத்தாள்.

அதற்குப் பின் வந்தவை ஆதிலட்சுமிக்குத் தெரியாதவை. அவள் போன பிறகு வாங்கியவை. அவற்றை வள்ளி எடுத்துக் கொடுத்தாள், பெயரை மட்டும் சொல்லி. தாய் பெயரை அவள் சொல்லவில்லை. ஆதிலட்சுமியும் கேட்கவில்லை.

கடைசியில் தரையில் செம்பி மட்டும் இருந்தது. சிவப்புச் சாயம் வெளுத்து, இன்னும் கட்டைவிரல் உயரம்தான்.

"இத எங்க வைக்கிறது?" என்றாள் வள்ளி.

"அது குட்டி. காட்டாறுக்கு அப்பால வைங்க."

வள்ளி வைத்தாள். "அப்ப தாயி?"

ஆதிலட்சுமி துணிப்பையை அவிழ்த்தாள். உள்ளே பழைய சேலைக் கிழிசல், அதற்குள் இன்னொரு சுற்று. ஒற்றைக் காதோடு அல்லி வெளியே வந்தது. அடுப்பங்கரைப் புகை படிந்து அதன் பழுப்பு கறுத்திருந்தது. வள்ளி குனிந்து பார்த்தாள்.

"இதுவா?"

"இதான்."

"காது இல்லியே."

"என் கைக்கு வரச் சொல்லவே அப்பிடித்தான்."

ஆதிலட்சுமி எழுந்து அதை முதல் தட்டில், ராஜாளிக்குப் பக்கத்தில் வைத்தாள். ராஜாளி வாசலைப் பார்த்து நின்றது. அல்லியை அவள் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினாள்.

"இப்பிடியா வைப்பாங்க?" என்றாள் வள்ளி.

"இருக்கட்டும். பொண்ணுக்கு இஷ்டம் இல்லியாம்."

வெளியே வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. தருமன் ஹாரன் அடிக்கவில்லை. ஆதிலட்சுமி காலிப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வள்ளி அல்லியைத் திருப்பி வைக்கக் கையை நீட்டினாள். பிறகு ஈரத்துணியால் அதன் முதுகை மட்டும் துடைத்துவிட்டாள்.